விண்ணப்பதாரர் தலையணை

போர்வை செத்த மறுநாளிலிருந்து தலையணை எதையும் தின்னவில்லை.

இரண்டும் முயல்கள். நாளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததைப் பார்த்து எக்ஸ்ரேக்காரரின் அக்கா வைத்த பெயர்கள் அவை. ஐந்து வருடம் அப்படியே கிடந்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் போர்வை எழுந்திருக்கவில்லை. தலையணை அதை இரண்டு முறை மூக்கால் முட்டிப் பார்த்தது. பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குள் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டது. கேரட் இலை, புதினா, பேரிக்காய்த் துண்டு எல்லாம் முதுகுக்குப் பின்னால் வாடிக் கிடந்தன.

எக்ஸ்ரேக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஐம்பதை நெருங்குபவர், கல்யாணம் ஆகாதவர், வரிசையில் பின்னால் நிற்பவரிடம் தானாகவே "நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லக்கூடியவர். அக்கா நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருபவர். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான்.

விலங்கு டாக்டர் தலையணையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணும் இல்லை. ஜோடி போன ஏக்கம். முயல் தின்னாம இருந்தா ரொம்ப நாள் தாங்காது. ஊசிக்குழல்ல தீவனத்தைக் கரைச்சு ஊட்டுங்க. அதுல ஒரு பத்து நாள் ஓட்டலாம். அதுக்குள்ள ஒரு துணை தேடுங்க."

எக்ஸ்ரேக்காரர் அன்று மாலையே செல்லப் பிராணிகள் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு சாம்பல் நிற முயலை எடுத்து மேசைமேல் விட்டார்.

"வீட்டுல ஏற்கெனவே முயல் இருக்கா?"

"இருக்கு. அதுக்காகத்தான் வந்தேன்."

கடைக்காரர் முயலைத் தூக்கித் திரும்பவும் கூண்டுக்குள் வைத்தார். "முதல் முயல்னா யாருக்கு வேணாலும் தரலாம் சார். ரெண்டாவது முயல்னா வாரியத்துச் சான்றிதழ் வேணும்."

"எந்த வாரியம்?"

கடைக்காரர் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அக்கா தலையணையை மடியில் இடுக்கிக்கொண்டு ஊசிக்குழலோடு போராடிக்கொண்டிருந்தார். பாதித் தீவனம் அவர் சட்டையில் இருந்தது.

"முயல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"கேட்டாரேக்கா."

"கேட்டா? திருடனும்தான் சாவி எங்கேன்னு கேப்பான்!"

மறுநாள் எக்ஸ்ரேக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாரியத்துக்குப் போனார்.

வளர்ப்பு முயல் இணைப் பொருத்த வாரியம் ஆறு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. வாசலில் ஒரு கல் முயல் தனியாக உட்கார்ந்திருந்தது. அதற்குத் துணையாக இன்னொரு கல் முயல் வைக்கும் கோப்பு எட்டு வருடமாக நிலுவையில் இருப்பதாக வாயிற்காவலர் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லையாம்.

கீழ்த்தளத்துக் கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"விண்ணப்பதாரர் யாரு?"

"நான்தாங்க."

இப்போது நிமிர்ந்தார். "துணை உங்களுக்கா வேணும்?"

"இல்லைங்க, முயலுக்கு."

"அப்ப முயல்தான் விண்ணப்பதாரர். நீங்க உடன்வந்தவர். விண்ணப்பதாரர் வராம உடன்வந்தவர் மட்டும் எப்படி உடன் வந்தீங்க?"

எக்ஸ்ரேக்காரர் யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. வீட்டுக்குப் போய், தலையணையை மூடி போட்ட பிரம்புக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கவுன்ட்டர்க்காரர் இருபத்திரண்டு பக்கப் படிவம் ஒன்றை மூன்று பிரதிகளாகக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்பதாரரின் முன்னங்கால் ரேகை வைக்க வேண்டும்; வலது கால். இடது காலை வைத்தால் செல்லாது. மை வைத்த காலோடு தலையணை ஒரு தடவை உதறியது. அதில் எக்ஸ்ரேக்காரரின் சட்டையும் சட்டப்படி கையெழுத்தானது.

இரண்டாம் மாடியில் மன இயல்பு அலுவலர் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட அம்மாள். கூடையை மேசைமேல் தனக்கு நேராக வைக்கச் சொல்லி, எக்ஸ்ரேக்காரரைச் சுவரோரம் உட்கார வைத்தார். நாற்பத்தாறு கேள்விகள்.

"உங்கள் துணையிடம் நீங்கள் எதிர்பார்க்கும் மூன்று குணங்கள் யாவை?" என்று அவர் தலையணையிடம் வாசித்தார்.

தலையணை மூக்கை ஆட்டியது.

அலுவலர் ஒரு நிமிடம் காத்திருந்தார். "பதிலளிக்க விரும்பவில்லை" என்று எழுதினார். "கருத்து வேறுபாடு ஏற்பட்டால் விட்டுக்கொடுப்பீர்களா?"

தலையணை திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"அவங்க எப்பவுமே இப்படிப் பேச மாட்டாங்களா?"

"முயலுங்க மேடம்."

"அது எனக்குத் தெரியாதா? கூச்ச சுபாவமா, இல்லை திமிரான்னு கேக்கறேன். ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு."

எக்ஸ்ரேக்காரர் மெதுவாகச் சொன்னார்: "துக்கம் மேடம்."

அலுவலர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். துக்கத்துக்குக் கட்டம் இல்லை. கூச்சம் என்று போட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் காதளவு அலுவலர். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். பித்தளை அளவுகோலைக் கையால் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் முயலின் காதில் வைத்தார். எக்ஸ்ரேக்காரருக்கு அந்தக் கட்டிடத்தில் முதன்முதலாக ஒருவரைப் பிடித்துப் போனது. ஆனால் அளந்து முடித்ததும் அவர் முகம் வாடியது.

"வலது காது ஒன்பதரை சென்டிமீட்டர். இடது காது ஒன்பதே முக்கால். விளக்கக் கடிதம் வேணுமே சார்."

"நான் என்னன்னு விளக்கம் எழுதறது?"

"எதையாவது எழுதுங்க சார். யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா இல்லைன்னா தேடுவாங்க."

இப்படியே நாலு நாள் போனது. காலையில் ஊசிக்குழல், பகலில் வாரியம், மாலையில் ஊசிக்குழல். கூடை நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வருவது எக்ஸ்ரேக்காரரின் கைக்குத் தெரிந்தது. ஒரு நாள் மதியம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். எலும்புகள் எல்லாம் சரியாக இருந்தன. அதைத் தவிர அதிகமாக வேறெதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் மன இயல்பு அலுவலரின் மேசையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. யாரோ கூப்பிட்டதில் அவர் அப்பால் திரும்பியபோது, தலையணை கூடையிலிருந்து கழுத்தை நீட்டிப் படிவத்தின் ஓரத்தைக் கடித்தது. மென்றது. விழுங்கியது. இன்னொரு வாய் கடித்தது.

"சாப்பிடறா!" எக்ஸ்ரேக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், சாப்பிடறா மேடம்! தானாவே சாப்பிடறா!"

அலுவலர் படிவத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பதினாலாவது கட்டம் மொத்தமா போச்சு."

"என்ன கட்டம் மேடம் அது?"

"உணவில் நாட்டம் உண்டா இல்லையா என்பது." அவர் பேனாவை எடுத்தார். "இப்ப அது காலியா இருக்கு. காலியா இருந்தா 'இல்லை'ன்னுதான் அர்த்தம்."

"இன்னொரு படிவம் கிடைக்குமா? நிரப்பறதுக்கு இல்லை, சும்மா..."

அலுவலர் பார்த்த பார்வையில் எக்ஸ்ரேக்காரர் உட்கார்ந்துவிட்டார். மீதிப் பிரதியைத் தலையணையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தோடு அதன் பசி தீர்ந்துவிட்டது.

ஏழாம் நாள் ஆறாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். வாரியத் தலைவரே பேசுவார் என்றார்கள். தலைவர் அகலமான மனிதர். மேடை, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலேயே எழுந்து நின்று, எதிரே இருந்த எக்ஸ்ரேக்காரரையும் கூடையையும் பார்த்து "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார்.

"பத்தொன்பது ஆண்டுகள்! இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வாரியத்தின் வழியாக இணைந்த முயல்களில் ஒரு ஜோடிகூடச் சண்டையிட்டதில்லை. ஒரு ஜோடிகூடப் பிரிந்ததில்லை. ஒரே ஒரு புகார்? கிடையாது! உலகில் வேறெந்த வாரியமாவது இப்படி மார்தட்ட முடியுமா?"

எக்ஸ்ரேக்காரருக்கு நம்பிக்கை பிறந்தது. "எத்தனை ஜோடி சார் சேர்த்து வச்சிருக்கீங்க?"

"இதுவரை யாரையும் சேர்க்கவில்லை" என்றார் தலைவர், குரல் இறங்காமல். "அவசரப்பட்டு ஒரு ஜோடியைச் சேர்த்து இந்தச் சாதனையைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?"

நாலாம் மாடியில் பதினோரு வேட்பாளர்கள் தயாராக இருப்பதாகவும், அவர்களில் ஏழாம் எண் பொருந்தலாம் என்று இரண்டு பிரிவுகளும் கருதுவதாகவும் தலைவர் சொன்னார். ஆண் முயல், கருத்தடை ஆனவர், மண் நிறம், மூன்று வயதிலிருந்து வாரியத்தின் காவலில் இருக்கிறார், இப்போது ஆறு.

"அப்ப இன்னிக்கே பாக்கலாமா சார்?"

தலைவர் வருத்தமாகச் சிரித்தார். "முயல் தன் இடத்தில் இன்னொரு முயலைப் பார்த்தால் கடிக்கும். ஆகவே இருவருக்கும் பொதுவான, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில்தான் முதல் சந்திப்பு நடக்க வேண்டும். அதற்காகவே ஐந்தாம் மாடியில் நடுநிலை அறை கட்டினோம். ஆனால் அந்த அறை தங்களுடையது என்கிறது காதளவுப் பிரிவு. அவர்களின் பழைய அலமாரிகள் அங்கே இருக்கின்றன. இல்லை, எங்களுடையது என்கிறது மன இயல்புப் பிரிவு. அவர்களிடம் சாவி இருக்கிறது. சொந்தக்காரர் இருவர் இருக்கும் அறை எப்படி நடுநிலை அறை ஆகும்? இதற்கென்று ஒரு குழு அமைத்திருக்கிறோம்."

"குழு எப்ப முடிவு சொல்லும் சார்?"

"குழு கூட ஓர் அறை வேண்டுமே! அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்."

அன்று மாலை எக்ஸ்ரேக்காரர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே அபாய அறிகுறி. தலையணை அன்று ஊசிக்குழலில் வந்ததையும் வாயோரம் வழியவிட்டுவிட்டது.

"நாளைக்கு எனக்கு லீவு. நானும் வர்றேன்" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா ஒரு கையில் கூடையும் தோளில் துணிப்பையுமாக வாரியத்துக்குள் நுழைந்து, கவுன்ட்டரில் நிற்காமல் நேராக ஆறாம் மாடிக்குப் போய்த் தலைவரின் கதவைத் திறந்தார்.

"ஏங்க, அந்த அறையை நான் பாக்கணும். இப்பவே!"

அந்தக் குரலுக்குத் தலைவர் எழுந்து நின்றது மரியாதையால் அல்ல, பழக்கத்தாலும் அல்ல. கால் தானாக எழுந்தது. அறையைக் காட்ட ஒப்புக்கொண்டார். மன இயல்பு அலுவலரும் காதளவு அலுவலரும் வரவழைக்கப்பட்டார்கள். அறையைப் பார்ப்பதென்றால் வேட்பாளரும் உடன் இருக்க வேண்டும் என்பது விதி. வேட்பாளர் எங்கே போனாலும் அவருடைய கோப்பும் கூடவே போக வேண்டும் என்பது இன்னொரு விதி. எல்லோரும் லிஃப்ட்டில் நாலாம் மாடிக்கு இறங்கி, ஏழாம் எண்ணின் கூண்டையும், ஒரு தள்ளுவண்டி நிறைய இருந்த அவருடைய பதினான்கு கோப்புக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டார்கள்.

லிஃப்ட் ஐந்தாம் மாடியை நோக்கிப் பாதி தூரம் போனது. ஒரு முனகல் போட்டது. நின்றது. விளக்கு மங்கியது, விசிறி நின்றது.

ஆபத்து மணியை அழுத்தினார்கள். வெகு நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது: "மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு! ஒரு ஒண்ணரை மணி நேரம் ஆகும்!"

தலைவரின் மூச்சு வேகமாகியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "காற்று... காற்றே இல்லையே..."

எக்ஸ்ரேக்காரருக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்தது. "சார், தோளைத் தளர்த்துங்க. மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடுங்க." தலைவர் குழந்தைபோலக் கேட்டு நடந்தார்.

அக்கா கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே கொதித்தது. முயலுக்குச் சூடு ஆகாது. மூடியைத் திறந்து தலையணையைத் தரையில் விட்டார். பக்கத்திலிருந்த கூண்டின் கொக்கியையும் தட்டிவிட்டார்.

"திறக்கக் கூடாது!" என்றார் மன இயல்பு அலுவலர். "நாற்பத்தாறு கேள்வியில இன்னும் பன்னெண்டு பாக்கி இருக்கு!"

"வெந்து செத்துப்போனா யாருகிட்ட கேப்பீங்க?" என்றார் அக்கா.

ஏழாம் எண் வெளியே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. தரையைப் பின்னங்காலால் ஓங்கி ஓர் அறை அறைந்தது தலையணை. எட்டு நாளாக நடக்கவே தெம்பில்லாத முயல் அது. பிறகு பாய்ந்தது. ஐந்து பேரின் பத்துக் கால்களுக்கும் தள்ளுவண்டியின் நாலு சக்கரங்களுக்கும் நடுவே இரண்டும் சுற்றிச் சுற்றி ஓடின. மண் நிற ரோமம் பறந்தது. தலைவர் ஒற்றைக் காலில் நின்றார், பிறகு மறு காலில் நின்றார், பிறகு கோப்புக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"பிரித்துவிடுங்கள்! பத்தொன்பது ஆண்டுச் சாதனை!"

எக்ஸ்ரேக்காரர் குனியப் போனார். காதளவு அலுவலர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ரத்தம் வரலை சார். கொஞ்சம் பொறுங்க."

ஓட்டம் நின்றது. தலையணை ஒரு மூலையில் உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தது. ஏழாம் எண் மறு மூலையில் உட்கார்ந்து தானும் முகம் கழுவியது. ஒன்று மற்றொன்றைக் கவனிக்கவே இல்லை என்பதுபோல இரண்டும் நடித்தன. அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஏழாம் எண் இரண்டடி நகர்ந்து வந்தது. இன்னும் ஓர் அடி. தலையணையின் முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

லிஃப்ட்டில் யாரும் மூச்சு விடவில்லை. எக்ஸ்ரேக்காரர் சொல்லாமலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலையணை அந்தத் தலையை முகர்ந்தது. யோசித்தது. பிறகு அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது.

அக்கா துணிப்பையிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து இரண்டுக்கும் நடுவே போட்டார். ஏழாம் எண் ஒரு தண்டை இழுத்தது. தலையணை அதே தண்டின் மறுமுனையைப் பிடித்துக் கடித்தது. மொறுமொறு என்று சத்தம் கேட்டது. அதை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தது.

"டேய்" என்றார் அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் பக்கத்திலிருந்தவருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. "தின்னுதுடா."

காதளவு அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வாரியத்துல சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு முயல் ஒண்ணா இருக்கறதை இப்பத்தான் பாக்கறேன்."

"இதை யாரும் பார்க்கவில்லை!" என்றார் தலைவர் கோப்புகளின் மேலிருந்து. "நடுநிலை இடத்தில் நடக்காத சந்திப்பு செல்லாது. இந்த லிஃப்ட் எந்தப் பிரிவுக்குச் சொந்தம்?"

இரண்டு அலுவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தப் பிரிவுக்கும் இல்லை சார்" என்றார் மன இயல்பு அலுவலர். "அதனாலதானே ரிப்பேர் பண்ண ஆளில்லை."

இந்தக் கட்டிடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரே இடத்தில் தலைவரே உட்கார்ந்திருந்தார். "அப்படியானாலும் வேட்பாளரை வெளியே கொண்டுபோக முடியாது. மெக்கானிக் வந்ததும் இருவரையும் பிரித்து, முதலிலிருந்து முறைப்படி..."

"பிரிக்க முடியாது சார்." காதளவு அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெல்லப் பேசுகிறவர்தான், ஆனாலும் லிஃப்ட் சின்னது. "சேர்ந்த இணையைப் பிரிப்பது குற்றம். விதி இரண்டு."

"விதி இரண்டா? அப்படி ஒன்று இருக்கிறதா?"

"முதல் பக்கத்துலயே இருக்கு சார். நாமதான் எப்பவும் முப்பதுல இருந்து ஆரம்பிக்கறோம்."

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தபோது தலைவர் இன்னும் விதி ஒன்று என்னவாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் நினைவில்லை. அக்கா இரண்டு முயல்களையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஏறினார். எக்ஸ்ரேக்காரர் பின்னால் ஏறினார். ஏறியதும் திரும்பிக் காதளவு அலுவலருக்குக் கை கொடுத்து மேலே இழுத்துவிட்டார். "நீங்க முன்னாடி போங்க" என்றார் அலுவலர். எக்ஸ்ரேக்காரர் முதல்முறையாக, சொன்னதும் முன்னாடி போனார்.

ஏழாம் எண்ணுக்கு வீட்டில் மெத்தை என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் தலையணை பழைய எடைக்கு வந்தது, அதற்கு மேலும் போனது. பிரிட்ஜ் பக்கத்துச் சந்துக்குள் மெத்தை இடம் பிடித்துக்கொண்டது, சுவருக்கு முதுகைக் காட்டி, முகம் வீட்டுப்பக்கமாக.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு வந்தார். உறைமேல் 'திருமதி தலையணை' என்று இருந்தது. அக்கா உறையை வாங்கிப் பிரித்து உரக்கப் படித்தார்.

"தங்களுடைய விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. துணை கோரும் விண்ணப்பதாரர் தனிமையில் இருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி. தாங்கள் தற்போது தனிமையில் இல்லை எனத் தெரியவருவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

எக்ஸ்ரேக்காரர் கவலையோடு கேட்டார்: "மேல்முறையீடு பண்ணணுமாக்கா?"

"பண்ணேன். அவங்களுக்கும் பொழுது போக வேண்டாமா?"

தபால்காரர் ரசீதுச் சீட்டை நீட்டினார். "தலையணைங்கறது யாரு மேடம்? பேர் போட்டிருக்கறவங்கதான் கையெழுத்துப் போடணும். வேற யார் போட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க."

"தூங்கறாங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"கொஞ்சம் எழுப்புங்க சார். எனக்கு இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு."

எக்ஸ்ரேக்காரர் வழிவிட்டு நின்றார். தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எக்ஸ்ரேக்காரர் காட்டிய திசையில் குனிந்து பிரிட்ஜ் சந்துக்குள் பார்த்தார். மெத்தை நீட்டிப் படுத்திருந்தது. அதன் முதுகில் மோவாயை வைத்துத் தலையணை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூக்குகூட ஆடவில்லை.

தபால்காரர் சத்தம் வராமல் நிமிர்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பாவம், தூங்கட்டும்" என்று கிசுகிசுத்தார். "நானே போட்டுடறேன். தலையணைக்கு எந்த 'லை'ங்க?"